ஈழத்துத் தமிழ் வணிகரின் பெயர்ப்பலகைகள்: ஆக்கமும் பேணலும் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

வரலாற்றைத் தேடுவோர் கல்வெட்டுக்காகக் காட்டுக்குச் செல்கின்றனர். செப்பேட்டுக்காகக் கோயிற் களஞ்சியங்களைத் துழாவுகின்றனர். ஆவணத்துக்காகச் சுவடிக்கூடங்களில் நாட்கணக்காக அமர்ந்திருக்கின்றனர். ஆனால் நாள்தோறும் கடந்து செல்லும் கடைத்தெருவிலே, தலைக்குச் சற்று மேலே, மரத்திலும் தகரத்திலும் எழுதப்பட்டுள்ள எழுத்துக்களை அவர்கள் சான்றாகக் கொள்வது அரிது. அவை மிகப் பழையனவல்ல. அரசர் எவரும் அவற்றைப் பொறிப்பிக்கவில்லை. மழையும் வெயிலும் சில ஆண்டுகளில் அவற்றை மங்கச் செய்துவிடுகின்றன. எனினும் ஒரு சமூகத்தவர் தம் பெயரை எம்மொழியில், எவ்வளவு பெரிய எழுத்தில், யார் கண்ணிற் படும்படி எழுதத் துணிந்தனர் என்பதை அறிய விரும்புவோருக்கு இவற்றினும் நேரான சான்று கிடைப்பது கடினம்.

ஈழத்துத் தமிழ் வணிகர் தம் கடைகளில் மாட்டிய கைவரைப் பெயர்ப்பலகைகள் எவ்வாறு ஆக்கப்பட்டன, எவ்வாறு பேணப்பட்டன, அவற்றின்மீது நிகழ்ந்த அரசியல் யாது என்பனவற்றைச் சுருக்கமாக நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். தொழில்நுட்பம் பற்றிய செய்திகளிற் பல, யாழ்ப்பாணத்தில் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பலகை எழுதிய முதியவர் ஒருவர் எமக்கு எடுத்துரைத்தவை. பிற்பகுதியில் எமது குடும்பத்துப் பலகை ஒன்றும் சான்றாகக் காட்டப்படுகின்றது.

கல்லும் பலகையும்

வணிகரை நோக்கி வணிகர் மொழியில் எழுதும் மரபு இந்நாட்டுக்குப் புதியதன்று. முதலாம் பராக்கிரமபாகு (1153–1186) நயினாதீவிற் பொறிப்பித்த கல்வெட்டு தமிழில் அமைந்தது. பிறநாட்டு வணிகர் ஊர்காவற்றுறைக்கு வரவேண்டும் என்பதும், யானையும் குதிரையும் ஏற்றிவந்த மரக்கலம் சிதைந்தால் நாலிலொரு பங்கு அரசுக்கும் ஏனையது உடையவனுக்கும் உரியதென்பதும், ஏனைய சரக்கேற்றிய கலமாயிற் செம்பாதி அரசுக்கு உரியதென்பதும் அதிற் கூறப்படுகின்றன. சிங்கள வேந்தன் ஒருவன், படிக்க வேண்டியவர் யார் என்பதை எண்ணி மொழியைத் தெரிந்துகொண்டான் என்பது ஈண்டு நோக்கற்பாலது. சீனத் தளபதி செங் ஹோவின் பெயரோடு தொடர்புடைய காலி மும்மொழிக் கல்வெட்டு 1409ஆம் ஆண்டுக்குரியது. சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளிலும் முறையே புத்தருக்கும் தேனவரை நாயனாருக்கும் அல்லாவுக்கும் அளித்த காணிக்கைகளை அது பதிவுசெய்கின்றது. 1911இல் அக்கல் காலி நகரிலே கண்டெடுக்கப்பட்டபோது, எழுத்துள்ள பக்கம் கீழாகக் கவிழ்க்கப்பட்டு வடிகாலுக்கு மூடியாகக் கிடந்தது. இன்று அது கொழும்புத் தேசிய நூதனசாலையில் உள்ளது.

இவை கடைப்பலகைகள் அல்ல. ஆயினும் பொது இடத்தில் நிறுத்தப்படும் எழுத்து, தன்னைப் படிப்பவனை மதிக்கும் செயலாகவும் அமைகின்றது என்பதை இவை உணர்த்துகின்றன.

மேலை நாடுகளிற் கடைக்குறிகள் முதலில் உருவங்களாகவே அமைந்தன. கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலுள் மூழ்கிய பொம்பேயி நகரில் அத்தகைய சுவரோவியங்களும் புடைப்புருவங்களும் கிடைத்துள்ளன. எழுத்தறியாத வாடிக்கையாளருக்காக இலண்டன் வீதிகளில் சிங்கமும் கிரீடமும் தொங்கின; போக்குவரத்துக்கு இடையூறாக நீட்டிக்கொண்டிருந்த அக்குறிகள் 1762ஆம் ஆண்டளவில் சட்டத்தால் சுவரோடு சேர்க்கப்பட்டன. எழுத்தறிவும் வீட்டிலக்க முறையும் பரவவே உருவத்தின் இடத்தை எழுத்து மெல்லப் பிடித்துக்கொண்டது. எமது நாட்டிலோ நிலைமை வேறு. பத்தொன்பதாம், இருபதாம் நூற்றாண்டுகளிற் கடைத்தெரு வளர்ந்தபோது எழுத்தறிவும் உடன் வளர்ந்தது. ஆனால் அவ்வெழுத்து ஒன்றன்று, மூன்று. தமிழை நன்கு கற்றவனும் சிங்களப் பலகையின் முன்னே எழுத்தறியாதவனாக நின்றான். சிங்களத்தை நன்கு கற்றவனுக்கும் தமிழ்ப் பலகையின் முன்னே அந்நிலையே நேர்ந்தது. எனவே நமது பலகைகளில் எழுத்தோடு கத்தரிக்கோல், துவிச்சக்கர வண்டி, மூக்குக்கண்ணாடி முதலிய உருவங்களும் நெடுங்காலம் நிலைத்தன.

பலகையின் ஆக்கம்

நல்ல பலகைக்குத் தேக்கோ முதிரையோ வேண்டும். ஈரமுள்ள மரத்தில் எழுதினால் அது காயும்போது வெடிக்கும். வெடிப்பு எழுத்தின் நடுவே ஓடும். ஆதலால் அறுத்த பலகையை நிழலிற் பல மாதம் உலரவிட்ட பின்னரே எழுதுபவர் கையில் ஒப்படைப்பர். செலவைச் சுருக்க விரும்பியோர் மரச்சட்டத்தின்மேல் தகரம் அறைந்து பயன்படுத்தினர்.

பலகை எழுதுபவரை யாழ்ப்பாணத்தார் ‘ஆட்டிஸ்ற்’ என்றே அழைத்தனர். அவர் முதலிற் பலகையை உரைதாள் கொண்டு தேய்ப்பார். ஆணித் துளைகளையும் கணுக்களையும் சோக்குத் தூளை லின்சீட் எண்ணெயிற் பிசைந்த களியால் அடைப்பார். பின்னர் அடிப்பூச்சு, தகரமாயின் துருவைத் தடுக்கும் செந்நிறப் பூச்சு. அது முற்றாகக் காய்ந்த பின்னரே நிலத்தின் நிறம் இரு முறை பூசப்படும். பூச்சுக்கும் பூச்சுக்கும் இடையே விடும் நாட்களைக் குறைப்பவர் தொழில் தெரியாதவர் என்பது எமக்குத் தகவல் தந்த முதியவரின் துணிபு. லின்சீட் எண்ணெய் நீர் போல ஆவியாகி உலர்வதில்லை. காற்றிலுள்ள ஒட்சிசனை ஏற்று இறுகுகின்றது. அடிப்பூச்சு இறுகுமுன் மேற்பூச்சு மூடினால் காற்று உட்செல்லாது. அடி இளகியிருக்க மேற்றோல் சுருங்கும்.

அடுத்து, சோக்குத் தூள் தடவிய நூலை இரு முனையிலும் இறுக்கிப் பிடித்துச் சுண்டுவர். நேர்கோடு விழும். அக்கோடுகளுக்கிடையில் எழுத்துக்களின் இடம் சோக்கினாற் குறிக்கப்படும். முதியவர் கூறிய ஒரு செய்தி எம்மைக் கவர்ந்தது. ஆங்கிலப் பேரெழுத்துக்கள் யாவும் ஒரே உயரத்தன. இரு கோடு போதும். தமிழுக்கு அவர் நான்கு கோடு அடிப்பார். இகர ஈகார விசிறிகள் மேலே செல்லும்; உகர ஊகாரங்கள் கீழே இறங்கும்; கொம்பும் காலும் அகலத்தைத் தின்னும். ஒரே பெயரை மூன்று மொழியில் எழுதும்போது தமிழ் வரியே நீளும். அதனைப் பலகைக்குள் அடக்க வேண்டுமாயின் எழுத்தைச் சிறிதாக்க வேண்டும், அல்லது நெருக்க வேண்டும். சிறிதாக்கினால் உரிமையாளர் குறைப்படுவார். நெருக்கினால் தூரத்தில் நிற்பவர்க்குப் புரியாது. இச்சிக்கலைத் தீர்ப்பதிலேயே எழுதுபவரின் திறமை தங்கியிருந்தது.

எழுதும்போது கை நடுங்காதிருக்க, நுனியிற் சீலை சுற்றிய கோலொன்றைப் பலகையின் ஓரத்தில் ஊன்றி அதன்மேற் கையைத் தாங்குவர். மயிர் நீண்ட மென்மையான பிறஷ் பயன்படும். எழுத்து முடிந்தபின் ஒரு பக்கமாக நிழல் தீட்டுவர். நிழல் அழகுக்காக மட்டும் எழுந்ததன்று. மேலெழுத்தின் நிறம் வெளிறிய பின்னரும் கறுப்பு நிழல் நின்று வாசிக்க உதவும். வெயிலில் முதலில் வெளிறுவன சில சிவப்பு, மஞ்சள் வர்ணங்கள். கறுப்பும் காவியும் நெடுநாள் நிற்பன. பழைய பலகைகள் சிலவற்றில் எழுத்து மறைந்து நிழல் மாத்திரம் எஞ்சியிருப்பதன் காரணம் இதுவே.

பெயரும் எழுத்தும்

பலகையில் எழுதப்பட்ட பெயர்கள் வணிக அமைப்பின் இயல்பைக் காட்டுகின்றன. தந்தையின் பெயரும் ஊரின் பெயரும் முதலெழுத்துக்களாக முன்னிற்கும். பின்னே ‘அன் சன்ஸ்’, ‘அன் கோ’, ‘பிறதேர்ஸ்’ என்பன வரும். குடும்பமே நிறுவனமாயிருந்த ஒரு வணிகக் கட்டமைப்பின் சுருக்கம் இது. உணவுக் கடைகள் ‘விலாஸ்’, ‘பவான்’, ‘கபே’ எனவும், துணி, பலசரக்குக் கடைகள் ‘ஸ்ரோர்ஸ்’ எனவும் பெயர் பெற்றன. ‘ஸ்ரோர்ஸ்’, ‘ஸ்ரூடியோ’, ‘பற்றரி’, ‘ரிக்கற்’ எனும் எழுத்துக்கூட்டல்கள் ஈழத்துக்கே உரியன. தமிழ்நாட்டார் டகரத்தால் எழுதும் ஆங்கில ஒலியை நம்மவர் ரகர றகரங்களால் எழுதினர். நூல்களிலும் பத்திரிகைகளிலும் இவ்வேறுபாட்டைக் காணலாமாயினும், எழுத்தறியத் தொடங்கும் சிறுவன் அதனைக் கடைப்பலகையிலேயே முதலிற் கற்றுக்கொண்டான்.

எழுத்து வடிவமும் காலத்தைக் காட்டும். தமிழ்நாட்டு அரசு 1978ஆம் ஆண்டு ஒக்டோபரில் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபோது, துதிக்கை போல் வளைந்த பழைய ணை, லை, ளை, னை வடிவங்களும், சுழித்து எழுதிய ணா, றா, னா வடிவங்களும் வழக்கிழக்கத் தொடங்கின. ஆயினும் ஒரு பலகையிற் பழைய ‘லை’ காணப்படுவதாற் மட்டும் அது அவ்வாண்டுக்கு முற்பட்டது எனத் துணிந்துவிடல் ஆகாது. எழுதுபவரின் கை தான் இளமையிற் கற்ற வடிவத்தை எளிதில் விடுவதில்லை. சாசனவியலில் எழுத்தமைதி கொண்டு காலம் கணிப்போர் கொள்ள வேண்டிய எச்சரிக்கைக்கு இதுவும் ஓர் எடுத்துக்காட்டாகும்.

பேணல்

பலகை மாட்டப்பட்ட அன்றே அதன் அழிவும் தொடங்குகின்றது. சூரிய ஒளியின் புறஊதாக் கதிர் எண்ணெய்ப் படலத்தைச் சிதைக்க, வர்ணம் பொடியாக உதிர்கின்றது. கையாற் தடவினால் வெண்டூளாக ஒட்டும். யாழ்ப்பாணத்திலே உப்புக்காற்று ஆணியைத் துருவேற்ற, துரு ஒழுகி எழுத்தின்மேல் வடுவாகப் படிகின்றது. மலைநாட்டின் ஈரத்தில் பாசியும் பூஞ்சணமும் படரும். எங்கும் கறையான் உண்டு.

இவற்றுக்கெதிராக வணிகர் கைக்கொண்ட முறைகள் எளியன. பலகையின் பின்புறத்தையும் விளிம்புகளையும் முன்புறம் போலவே பூசுதல். இரும்பாணிக்குப் பதிலாகப் பித்தளைத் திருகாணி இடுதல். சுவரிற் படாதவாறு கட்டை வைத்துக் காற்றோட்டம் விடுதல். மேலே சிறு தகரக் கூரை அமைத்தல். புத்தாண்டுக்கும் தீபாவளிக்கும் முன்னே ஈரச்சீலையாற் துடைத்து, மங்கிய எழுத்தின்மேல் மெல்லிய எண்ணெய்ப் பூச்சிடுதல். சித்திரையிற் புதுக்கணக்குத் தொடங்குமுன் பலகையைப் புதுப்பிப்பது பல கடைகளில் வழக்கமாயிருந்தது. இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாயிருந்த 1970–1977 காலத்திற் பெயின்ற் கிடைப்பது அரிதாகவே, பழைய எழுத்தின் விளிம்பை மட்டும் புதுப்பித்துக் காலங்கழித்ததாக முதியவர் கூறினார்.

ஈண்டு ஒரு கருத்தை வலியுறுத்த விரும்புகின்றோம். ஒரு பலகையின் வரலாறு அது ஆக்கப்பட்ட நாளோடு முடிவதில்லை. ஒவ்வொரு புதுப்பித்தலின்போதும் உரிமையாளர் மீண்டும் ஒரு முடிவை எடுக்கின்றார். பெயர் அதே பெயரா? எம்மொழி மேலே? எது பெரிது? எது வேண்டாம்? பழைய பூச்சைச் சுரண்டாமல் அதன்மேலேயே எழுதுவது வழக்கமாதலால், அம்முடிவுகள் யாவும் அகழ்வாய்விற் காணும் மண்ணடுக்குகள் போல ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்துள்ளன. பலகையைச் சாய்த்து ஒரு பக்கத்திலிருந்து விளக்கைக் காட்டினால், கீழ் அடுக்கின் எழுத்து மேற்பூச்சின் அடியிற் புடைத்துத் தோன்றும்.

தார்

1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க அரசகருமமொழிச் சட்டம் சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கியது. சட்டம் அரச அலுவலகங்களைப் பற்றியதாயினும் அதன் நிழல் கடைத்தெருவிலும் விழுந்தது. 1957இல் கைச்சாத்தான பண்டாரநாயக்க–செல்வநாயகம் உடன்படிக்கை சிறிது நம்பிக்கை அளித்தது. 1958இன் முற்பகுதியிற் சிங்களச் ‘சிறீ’ எழுத்துப் பொறித்த இலக்கத் தகடுகளுடன் பேருந்துகள் வடபகுதிக்கு வந்தபோது, தமிழரசுக் கட்சியினர் அவ்வெழுத்தைத் தார் பூசி அழித்தனர். அதற்கு எதிர்வினையாகக் கொழும்பிலும் தென்னிலங்கையின் பிற நகர்களிலும் வீதிப் பலகைகள், கடைப்பலகைகள் ஆகியவற்றிலிருந்த தமிழெழுத்துக்கள் தார் பூசி அழிக்கப்பட்டன. ஏப்ரல் 9ஆந் தேதி உடன்படிக்கை கைவிடப்பட்டது. மே மாதத்தில் வன்செயல் வெடித்தது. எழுத்தின்மேற் பூசப்பட்ட தாரும் மனிதர்மேல் ஓங்கிய தடியும் சில வாரங்களே இடைவெளி கொண்டிருந்தன என்பதை அக்கால நிகழ்ச்சிகளின் ஒழுங்கு காட்டுகின்றது. தார்வாளியை முதலிற் தூக்கிய பக்கம் நம்முடையது என்பதையும் மறைத்தல் ஆகாது. அரசின் தகட்டில் இருந்த எழுத்துக்கும் ஒரு தனிமனிதன் தன் கடையில் எழுதிய பெயருக்கும் வேறுபாடு உண்டு என்பதையும் மறத்தல் ஆகாது.

இனி, எமது குடும்பத்துப் பலகையை நோக்குவாம். எனது பூட்டனார் சப்பிரகமுவையின் சிறு நகரொன்றிற் சுருட்டுக் கடை வைத்திருந்தார். யாழ்ப்பாணத்துப் புகையிலைச் சுருட்டை விற்கும் இத்தகைய கடைகள் தென்னிலங்கை நகர்கள் பலவற்றில் இருந்தன. கடையின் பலகை ஏறத்தாழ ஆறடி நீளமான தேக்கு. அதன் கீழ் அடுக்கிலே, ஆங்கிலம் மேலும், தமிழ் நடுவிற் பெரிதாகவும், சிங்களம் அடியிலும் எழுதப்பட்டிருந்தன. இரண்டாவது அடுக்கில் சிங்களம் மேலே சென்றுவிட்டது. ஆங்கிலம் கீழே இறங்கியது. தமிழ் நடுவிலேயே நின்றது. இம்மாற்றம் 1956க்குப் பின் செய்யப்பட்டதென்று பாட்டனார் கூறுகின்றார். எவரும் வற்புறுத்தவில்லை; வாடிக்கையாளர் பெரும்பாலார் சிங்களவர், அவர் மொழி மேலிருப்பது முறையென்று பூட்டனார் கருதினாராம். அச்சமும் மரியாதையும் இதில் எவ்வளவு கலந்திருந்தன என்பதைப் பலகை சொல்லாது.

1958 ஏப்ரிலில் ஒரு மாலை நடு வரி தாரால் மூடப்பட்டது. பாட்டனாருக்கு அப்போது பதினாறு வயது. தார் பூசியவருள் இருவர் நாள்தோறும் கடைக்கு வருபவர்கள் என அவர் சொல்வார். பூட்டனார் உடனே பெயின்ற் வாங்கித் தாரை மறைக்கச் செய்தார். சில வாரங்களில் மேற்பூச்சினூடே கபில நிறக் கறை மீண்டும் தோன்றியது. இதற்குக் காரணம் உண்டு. எண்ணெய் வர்ணத்திற் கலந்த ரேப்பன்ரைன் தாரைக் கரைக்கும். கரைந்த தார் புதிய பூச்சினுள் ஏறி மேலே வரும். எத்தனை முறை பூசினும் பயனில்லை. தாரை முதலிற் சுரண்ட வேண்டும். எஞ்சியதன்மேல் ஸ்பிறிற்றிற் கரைத்த அரக்கைப் பூசி அடைக்க வேண்டும். ஸ்பிறிற்று தாரை எளிதிற் கரைக்காதாகையால் அரக்கு நடுவே சுவராக நிற்கும்.

இம்முறையை அறிந்து பலகையைச் செப்பஞ்செய்தவர் அந்நகரத்துச் சிங்கள எழுத்து ஓவியர் ஒருவர். மே மாத வன்செயலின்போது ஊர் சென்றிருந்த குடும்பத்தினர், நிலைமை தணிந்தபின் திரும்பிக் கடையைத் திறந்தனர். அதன் பின்னரே இவ்வேலை நடந்தது. ஓவியர் பகலில் வர விரும்பவில்லை. பலகையைக் கழற்றிக் கடையின் பின்னறையில் வைத்து, லாம்பு வெளிச்சத்தில் மூன்று இரவு எழுதினார். அவருக்குத் தமிழ் தெரியாது. கடைப் பற்றுச்சீட்டை அருகில் வைத்து எழுத்தின் வடிவை மட்டும் பார்த்து எழுதினார். தமிழ் வரி இப்போது மூன்றாவதாக, ஆங்கிலத்துக்கும் கீழே, முன்னையதிற் பாதி உயரத்தில் அமைந்தது. பெயரில் ‘ன்’ வர வேண்டிய இடத்திற் சுழியொன்று கூடி ‘ண்’ ஆகிவிட்டது. அதனைத் திருத்துவிக்குமாறு பலரும் கூறினர். பூட்டனார் இசையவில்லை. அடுத்த பத்தொன்பது ஆண்டுகளிலும் பலகை இரு முறை புதுப்பிக்கப்பட்டது. இரு முறையும் அப்பிழை அப்படியே மீண்டும் எழுதப்பட்டது. அவர் காரணம் சொல்லவில்லை. அச்சத்தினிடையே தன் பெயரை எழுதித் தந்த ஒருவரின் கையெழுத்தாக அதனை அவர் கருதியிருக்கலாம் என்பது பாட்டனாரின் விளக்கம்.

1977 ஓகஸ்ற் வன்செயலுக்குப் பின் அக்கடை மீண்டும் திறக்கப்படவில்லை. நல்ல தேக்கு என்பதாற் பலகை ஊருக்குக் கொண்டுவரப்பட்டு, களஞ்சிய அறையில் எழுத்துள்ள பக்கம் கீழாக இருக்கத் தட்டாக அறையப்பட்டது. 1995 ஒக்டோபர் இடப்பெயர்விலிருந்து குடும்பத்தினர் திரும்பியபோது கதவு நிலைகள் யாவும் பெயர்க்கப்பட்டிருந்தன; தட்டு மட்டும் எஞ்சியிருந்தது. காலிக் கல்லைப் போலவே கவிழ்ந்து கிடந்ததாற் காப்பாற்றப்பட்ட எழுத்து அது.

பிற்காலம்

1981 மே 31ஆந் தேதி இரவு தொடங்கி யாழ்ப்பாணத்தில் நிகழ்ந்த அழிவிற் பொதுநூலகமும் சுமார் 97,000 நூல்களும் எரிந்தன. அவ்வழிவை உலகம் அறியும். அதே நாட்களில் நகரின் கடைகளும் எரிந்தன. அவற்றோடு பலகைகளும் எரிந்தன. 1983 யூலையிற் கொழும்பிலும் பிற நகர்களிலும் தமிழர் கடைகள் பெயர் பார்த்துத் தேடி அழிக்கப்பட்டன. அதன் பின்னர்த் தென்னிலங்கையிற் கடையை மீளத் திறந்தோருட் சிலர் குடும்பப் பெயரை விடுத்து, எவ்வினத்தார்க்கும் பொருந்தும் பொதுப்பெயர்களை இட்டனர். பலகையில் இல்லாத எழுத்தும் வரலாற்றுச் சான்றாகும் என்பதற்கு இதனினும் தெளிவான உதாரணம் வேண்டியதில்லை.

1990களில் வடபகுதியில் விடுதலைப் புலிகளின் நிர்வாகம் கடைகளுக்குத் தூய தமிழ்ப் பெயர்களை வலியுறுத்தியது. பேக்கரி ‘வெதுப்பகம்’ ஆயிற்று. பழைய ‘ஸ்ரோர்ஸ்’களும் ‘கபே’களும் மறையலாயின. அப்பெயர்களுட் சில வழக்கில் நிலைத்து, ‘வெதுப்பகம்’ இன்றும் பலகைகளிற் காணப்படுகின்றது. இதனை மொழி வளர்ச்சி என்பாரும் உளர், கட்டளைக்குப் பணிந்தது என்பாரும் உளர். பலகை எழுதும் முதியவரோ, அக்காலத்திற் தமக்கு வேலை மிகுந்தது என்று மட்டும் கூறிச் சிரித்தார்.

சட்டத்தளவில் நிலைமை மாறியது. 1987இன் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கியது. 1988இன் பதினாறாம் திருத்தம் அதனை விரித்தது. 1991ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் அரசகரும மொழிகள் ஆணைக்குழு அமைந்தது. எனினும் அரச பலகைகளிற் தமிழ் வரி பிழையாக எழுதப்படுவது தொடர்கின்றது. கொம்பு இடம்மாறி நிற்பதும் குற்று விடுபடுவதும் பொருளே திரிவதும் நாம் அன்றாடம் காண்பவை. இவற்றையும் எமது பூட்டனாரின் பலகையிலுள்ள ‘ண்’ எழுத்தையும் ஒரே தராசில் வைக்க இயலாது. ஒன்று, மொழி தெரியாதவர் ஒருவர் தெரியாமையை ஒப்புக்கொண்டு உற்றுப்பார்த்து எழுதியதால் நேர்ந்தது. மற்றையது, தெரிந்தவரிடம் ஒருமுறை காட்டிக் கேட்கும் சிரமத்தையும் எடுக்காமையால் நேர்வது.

முடிவுரை

2009க்குப் பின் வடபகுதிக் கடைத்தெருக்களில் அச்சிட்ட பிளாஸ்ரிக் விரிப்புகள் விரைவாக இடம்பிடித்தன. அவை மலிவானவை, ஒரே நாளிற் கிடைப்பவை. சில ஆண்டுகளில் வெளிறிக் கிழியும்போது, செப்பஞ்செய்ய வழியின்றிக் கழற்றி எறியப்படுகின்றன. அடுக்கு என்பது அவற்றில் இல்லை. முன்னர் அவ்விடத்தில் என்ன பெயர் இருந்தது என்பதை அவை கூறா. கைவரைத் தொழில் அறவே மறைந்துவிடவில்லை. மீன்பிடிப் படகிலும் பாடசாலை மதிலிலும் இன்றும் கையால் எழுதுகின்றனர். ஆயினும் கடைப்பலகை எழுதுவோர் அருகி வருகின்றனர்.

இந்நிலையில் எமது சங்கத்தார் செய்யக்கூடிய பணிகள் சில உள. விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவர் ஒவ்வொருவரும் தம்மூர்ப் பழைய பலகைகளைப் படம்பிடித்து, உரிமையாளரிடம் ஆண்டும் செய்தியும் கேட்டுப் பதிவு செய்யலாம். பலகை எழுதிய முதியோரின் தொழில்முறைகளை அவர்தம் சொற்களிலேயே எழுதிவைக்கலாம். கைவிடப்பட்ட பலகைகளுட் சிலவற்றைப் பல்கலைக்கழகத்திற் பேணலாம். அவ்வாறு பேணும்போது ஓர் எச்சரிக்கை தேவை. கடைக்காரருக்குப் பேணல் என்பது மீண்டும் எழுதுதல். வரலாற்று மாணவருக்கோ அது மேலும் எழுதாதிருத்தல். தூசியை மென்மையான பிறஷினால் நீக்கி, ஈரமும் வெயிலும் படாமல் வைத்தலே போதும்.

எமது பலகையை இப்போது தட்டிலிருந்து கழற்றி நிமிர்த்தி வைத்துள்ளோம். அதனைப் புதுப்பித்து முன்னறையில் மாட்டலாம் என உறவினர் ஒருவர் கூறினார். புதுப்பிப்பதாயின் எவ்வடுக்கைப் புதுப்பிப்பது என்ற வினா எழுந்தது. தமிழ் நடுவிலே பெரிதாக நின்ற அடுக்கையா, மூன்றாவதாகச் சிறுத்து நின்ற அடுக்கையா? பாட்டனார் சிறிது நேரம் விரலாற் பலகையைத் தடவிப் பார்த்துவிட்டு, ஒன்றும் செய்ய வேண்டாம் என்றார். சுரண்டிய தாரின் எச்சம் அரக்கின் அடியில் இன்னும் இருக்கின்றது. அதன்மேல் அந்தப் பெயர், பிழையோடு, இன்னும் வாசிக்கக்கூடியதாக உள்ளது.